பிரேக் விட மாட்டேங்குது

பிரேக் பிடிக்கலைன்னா யாரா இருந்தாலும் பதறிப் போவாங்க. பிரேக் விடலைன்னா மாசக்கணக்குல தெரியாமலே ஓட்டிக்கிட்டு இருப்பாங்க.

ஏன்னா வண்டி ஓடத்தான் செய்யுது. மைலேஜ் குறைஞ்சா பெட்ரோல் பங்க் மேல சந்தேகம் போகும். ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்தா அலைன்மென்ட் பார்க்கணும்னு தோணும். சிக்னல்ல கருகல் வாசனை வந்தா பக்கத்து லாரியோட கிளட்ச்சுன்னு நினைச்சு கண்ணாடியை ஏத்திடுவாங்க. இத்தனைக்கும் நடுவுல, முன்சக்கரத்துல இருக்கிற ஒரு காலிப்பர் பிடிச்ச பிடியை விடாம டிஸ்க்கைத் தேய்ச்சுக்கிட்டே வரும்.

பெசன்ட் நகர்ல ஒரு வீட்டு வாசல்ல நிக்கிற 2008 மாடல் சான்ட்ரோ ஜிங்குக்கு இதுதான் நடந்துச்சு. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு பட்டறையில "வீல் பேரிங் சார்"னாங்க. இன்னொரு பட்டறையில பேட் தேஞ்சிருக்குன்னு மாத்திக் கொடுத்தாங்க. புதுப் பேட் சில மாசத்துல மறுபடி தகடாச்சு. அதுவும் வலது பக்கம் மட்டும். அங்கேதான் வாத்தியாருக்குப் பொறி தட்டுச்சு: ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே கால்தான் பெடலை மிதிக்குது. அப்புறம் எப்படி ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு வேகமா தேயும்?

பேட் தேஞ்சது விளைவு. காரணத்தை யாரும் தேடலை.

(சான்ட்ரோ பத்தி ஒரு வார்த்தை. 1998 செப்டம்பர்ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து வந்த வண்டி. 2003-ல ஜிங் ஆச்சு, 2014 கடைசியில அந்தத் தலைமுறை நின்னுபோச்சு. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கணும். அப்படி நீட்டிச்சு ஓட்டுற குடும்பங்கள் தமிழ்நாட்டுல நிறைய. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.)

முதல்ல எந்தச் சக்கரம்னு கண்டுபிடிக்கணும். இதுக்குக் கருவி எதுவும் வேண்டாம். காலி ரோட்டுல அதிகம் பிரேக் பிடிக்காம ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு, மெதுவா உருண்டு வந்து நிறுத்துங்க. நாலு சக்கரத்துக்கிட்டயும் உள்ளங்கையைக் கொண்டு போங்க. தொட வேண்டாம், பக்கத்துல காட்டினாலே போதும். மூணு சக்கரம் ஒரு மாதிரியும் ஒண்ணு மட்டும் அனல் அடிக்கிற மாதிரியும் இருந்தா ஆள் மாட்டிக்கிச்சு. நம்பிக்கை வரலைன்னா அந்த டிஸ்க் மேல நாலு சொட்டு தண்ணி விடுங்க, சுர்ருன்னு ஆவியாகும்.

எந்தச் சக்கரம்னு தெரிஞ்சதும் நேரா கடைக்குப் போய் காலிப்பர் வாங்கிடக்கூடாது. பணம் வீணாகிற இடமே இதுதான். சக்கரம் பிடிச்சுக்கிட்டா அதுக்குக் காரணம் பெரும்பாலும் மூணு ஆள்ல ஒருத்தராத்தான் இருக்கும். யாருன்னு புரியணும்னா காலிப்பருக்குள்ள நடக்கிறது தெரிஞ்சிருக்கணும்.

சான்ட்ரோ மாதிரி வண்டிகள்ல இருக்கிறது மிதக்கும் காலிப்பர். பிஸ்டன் ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் உள்பக்கம். பெடலை மிதிச்சா பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள் பேடை டிஸ்க் மேல அழுத்தும். டிஸ்க் நகராது. அதனால காலிப்பர் உடம்பு எதிர்த்திசையில வழுக்கி, வெளிப்பக்க பேடை இழுத்துக்கிட்டு வந்து டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வும். அப்படி வழுக்குறதுக்குத்தான் ரெண்டு ஸ்லைடு பின்.

கவ்வியாச்சு. விடுறது எப்படி?

இதுதான் பிரேக்லயே ரொம்ப அழகான விஷயம். பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுத்தி சதுர வெட்டுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆயில் கசியாம காக்கிறது அதோட முதல் வேலை. பிஸ்டன் வெளியே நகரும்போது அந்த வளையம் அதோட சேர்ந்து லேசா முறுக்கிக்கும். பெடல்ல இருந்து காலை எடுத்ததும் ரப்பர் பழைய நிலைக்கு வரப் பார்க்கும், வரும்போது பிஸ்டனையும் துளியூண்டு உள்ளே இழுத்துக்கும். அந்தத் துளி நகர்வுலதான் சக்கரம் விடுதலையாகுது. ஒரு டன் வண்டியை நிறுத்துற அமைப்பு, விடுறதுக்கு ஒரு ரப்பர் வளையத்தோட முறுக்கை நம்பித்தான் இருக்கு.

இப்போ அந்தப் பிஸ்டன்ல துரு ஏறினா? பிஸ்டன் வாயில ஒரு ரப்பர் மூடி (டஸ்ட் பூட்) இருக்கும். வருஷக்கணக்கான சூட்டுல அது வெடிச்சுப் போகும். மழைத் தண்ணியும் கடற்கரை உப்புக்காத்தும் உள்ளே போகும். பிஸ்டனோட பளபளப்புப் பூச்சு பொத்து பொத்தா அரிக்கும். பெடல் மிதிக்கிற அழுத்தத்துக்கு முன்னாடி துரு நிக்காது, பிஸ்டன் வெளியே வந்துடும். ஆனா அந்த ரப்பர் வளையத்தால துருவை மீறி அதைத் திரும்ப இழுக்க முடியாது. அதனாலதான் பிரேக் பிடிக்கும், விடாது.

முதல் சந்தேகம் இந்தப் பிஸ்டன். ரெண்டாவது, காஞ்சு துருப்பிடிச்ச ஸ்லைடு பின். பின் பிடிச்சா காலிப்பர் வழுக்காது, உள் பேடுக்கும் வெளி பேடுக்கும் தேய்மானம் வித்தியாசமா இருக்கும், பேட் ஆப்பு மாதிரி சாய்வாவும் தேயும். மூணாவது ஆள்தான் எமகாதகன்: ரப்பர் பிரேக் ஹோஸ். வெளியே பார்க்க நல்லா இருக்கும். உள்ளே ரப்பர் வீங்கி உரிஞ்சு துளையை அடைச்சிருக்கும். கால் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போயிடும், திரும்பி வர வழியில்லை. அறிகுறி எல்லாம் காலிப்பர் பிடிச்ச மாதிரியே இருக்கும். புதுக் காலிப்பர் போட்டும் பிரச்னை தீரலைன்னு புலம்புறவங்கள்ல பல பேரோட வண்டியில குற்றவாளி இந்த ஹோஸ்தான்.

இந்த மூணையும் பிரிக்க ஒரு சோதனை இருக்கு. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை நல்லா மிதிச்சு விட்டுட்டு, கையால சுத்திப் பாருங்க. இறுக்கமா இருக்கா? இப்போ காலிப்பர்ல ஆயிலையும் காத்தையும் வெளியேத்துறதுக்குன்னே இருக்கிற நிப்பிளை லேசா திறங்க. ஆயில் பீச்சிக்கிட்டு வந்து சக்கரம் உடனே சுத்த ஆரம்பிச்சா, உள்ளே அழுத்தம் மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. அப்போ காலிப்பர் நிரபராதி. ஹோஸைப் பாருங்க, இல்லைன்னா பெடல் மிதியை ஆயில் அழுத்தமா மாத்துற மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்க. (ஹோஸும் இரும்புக் குழாயும் சேர்ற இடத்துல இருக்கிற நட்டைத் தளர்த்தினா இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சுடலாம். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடலை, நிப்பிள்ல விடுதுன்னா ஹோஸ்தான்.) நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையலைன்னா பிஸ்டனோ பின்னோ பிடிச்சிருக்கு.

வாத்தியார் வண்டியில நிப்பிள் திறந்தும் சக்கரம் அசையலை. காலிப்பரைக் கழட்டினா ரெண்டு பின்னும் வெண்ணெய் மாதிரி வழுக்குது. பிஸ்டனை சி-கிளாம்ப் வெச்சு அழுத்தினா இம்மியும் நகரலை. பூட்டை விலக்கிப் பார்த்தா சிவப்புத் துரு. வழக்கு முடிஞ்சுது.

அடுத்த கேள்வி, ரிப்பேர் கிட்டா, புதுசா? சீலும் பூட்டும் மட்டும் கிட்டா கிடைக்கும், விலையும் கம்மி. பிஸ்டன்ல பூச்சு முழுசா இருந்தா கிட் போட்டுக்கலாம், தப்பே இல்லை. பொத்து விழுந்திருந்தா கிட் போடக்கூடாது. உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சா துருவோட சேர்ந்து பூச்சும் போயிடும், புது சீலை அந்தப் பிஸ்டன் சீக்கிரமே கிழிச்சுடும். சிலிண்டர் துளையிலயும் அரிப்பு இருந்தா முழுக் காலிப்பரும் மாத்துறதுதான் சரி.

சென்னையில புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. பழைய கதவோ பம்பரோ வேணும்னா புதுப்பேட்டைக்குப் போங்க. காலிப்பரை மட்டும் அங்கே வாங்காதீங்க. வேற வண்டியில எத்தனை வருஷம் கிடந்துச்சோ, அதே துரு அதுக்குள்ளயும் இருக்கலாம். நல்ல பிரேக் பொருளுக்கு இந்த ஊர்ல பஞ்சம் கிடையாது. பாடியில பிரேக்ஸ் இந்தியா 1962-ல இருந்து இருக்கு, பிரேக் லைனிங்குல ரானே குழுமமும் சென்னைதான்.

வாங்கும்போது வலதா இடதான்னு சொல்லி வாங்குங்க. ரெண்டும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், சில வண்டியில மாத்தி மாட்டினா உட்காரவும் செய்யும். ஆனா நிப்பிள் கீழ்ப்பக்கம் போயிடும். காத்து மேலேதான் நிக்கும், கீழே இருக்கிற நிப்பிள் வழியா அது வரவே வராது. எத்தனை பாட்டில் ஆயில் ஊத்தினாலும் பெடல் பொதபொதன்னே இருக்கும். மாட்டினதும் நிப்பிள் வானத்தைப் பார்க்கணும்.

கழட்டி மாட்டுற வேலை சின்னதுதான். சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. வீல் நட்டை டயர் தரையில இருக்கும்போதே தளர்த்திடுங்க. ஜாக்கியில தூக்கினதும் ஸ்டாண்டு மேல இறக்குங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில கையோ தலையோ போகவே கூடாது. ஸ்டாண்டு வாங்க மனசில்லைன்னா இந்த வேலையைப் பட்டறைக்கே கொடுத்துடுங்க, அதுல ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பி வெச்சா காலிப்பரோட பின்பக்கம் வசதியா கிடைக்கும். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு வைங்க, டிஸ்க் மேல படாம. காலிப்பரைக் கழட்டினா ஹோஸ்ல தொங்கவிடாம கம்பியால சஸ்பென்ஷன்ல கட்டித் தொங்க விடுங்க.

ஹோஸைக் கழட்டுறதுக்கு முன்னாடி பட்டறைக்காரங்க செய்ற ஒரு யுக்தி. பிரேக் பெடலை ஒரு அங்குலம் மாதிரி இறக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துடுவாங்க. அந்த நிலையில மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஆயில் இறங்குற துவாரம் மூடிக்கும், டப்பாவுல இருக்கிற ஆயில் எல்லாம் தரைக்குப் போகாது. பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிச்சுடும், அதனால பக்கத்துல ஒரு வாளி தண்ணி வைங்க. எங்கேயாவது பட்டா உடனே கழுவுங்க.

ஹோஸ் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் செப்பு வாஷர் உண்டு. பழசைத் திரும்பப் போடாதீங்க. ஒரு தடவை நசுங்கினது மறுபடி சரியா அடைக்காது, வாஷர் விலையும் அற்பம். வேலை முடிஞ்சு வீல் நட்டை இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் கிடைச்சா 90-லிருந்து 110 நியூட்டன் மீட்டர்ல, குறுக்கும் நெடுக்குமா இறுக்குங்க.

மண்ணெண்ணெய் விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பா சொல்ல வேண்டியிருக்கு. நம்ம ஊர்ல எதைக் கழுவணும்னாலும் மண்ணெண்ணெயோ பெட்ரோலோதான் கைக்கு வரும். பிரேக் ரப்பருக்கு அது விஷம். இப்போ வர்ற சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறி வீங்கிடும். வீங்கின சீல் பிஸ்டனை மறுபடி பிடிச்சுக்கும், செஞ்ச வேலையெல்லாம் வீண். சாதாரண கிரீஸும் அப்படித்தான். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் அல்லது பிரேக்குக்குன்னே விக்கிற கிரீஸ், கழுவுறதுக்கு பிரேக் கிளீனர். பேட் தூசியை வாயால ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. பழைய லைனிங்குல ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு.

பிரேக் ஆயில்னு பழக்கத்துல சொல்றோமே, ஒரு காலத்துல நிஜமாவே எண்ணெய்தான். ஆரம்ப நாள்ல விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்துதான் ஊத்தினாங்க. நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோட 1921-ல வந்த அமெரிக்கக் கார் டூசன்பர்க். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துல ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அவர் போட்ட செப்புப் பட்டை காதைக் கிழிக்கிற சத்தம் போட்டுச்சு. டிஸ்க்கோட அருமை உலகத்துக்குத் தெரிய 1953 வரைக்கும் ஆச்சு. அந்த வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோட ஜெயிச்சுது. ரெண்டு வருஷத்துல, 1955-ல, சிட்ரோயன் டிஎஸ் காரோட முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்துடுச்சு.

இன்னைக்கு நாம ஊத்துறது கிளைகால் சேர்ந்த திரவம். அதுக்குக் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற குணம். டாட் 3 ரகம் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4-க்கு 230, தண்ணி சேர்ந்தா 155.

இதையும் பிடிச்சுக்கிட்ட காலிப்பரையும் சேர்த்துப் பாருங்க. ஆளுங்களோட ஒரு டன் எடை உள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நின்னா சுமார் 2,50,000 ஜூல் சூடாகணும். நம்ம வெயில்ல இருக்கிற தண்ணி முக்கால் லிட்டருக்கு மேலயே கொதிக்க வைக்கிற சூடு அது. நல்ல பிரேக், நின்னதும் ஆறிடும். விடாத காலிப்பர் ஆறவே விடாது, ஓடுற தூரம் பூரா சூடு ஏறிக்கிட்டே இருக்கும். பழைய ஆயில் கொதிச்சு ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். ஏற்காடோ ஊட்டியோ இறங்கி வரும்போது பெடல் தரை வரைக்கும் போகுதுன்னா அதுக்கு இப்படித்தான் அர்த்தம். மைலேஜ் குறையுற தொல்லைன்னு இதை யாரும் விட்டுடக்கூடாது.

கடைசி வேலை ஏர் எடுக்கிறது, அதாவது ஆயிலுக்குள்ள மாட்டின காத்தை வெளியேத்துறது. மாட்டுறதை விட இதுக்குத்தான் நிதானம் வேணும். ரெண்டு ஆள் தேவை. வாத்தியார் கீழே, அவரோட மக சீட்டுல. நிப்பிள்ல மீன்தொட்டிக்குப் போடுற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, இன்னொரு முனை கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்தின பாட்டிலுக்குள்ள முங்கி இருக்கணும்.

"மிதிம்மா."

"மிதிச்சிருக்கேன்பா."

"அப்படியே பிடி. விட்டுடாத." (நிப்பிள் திறக்கிறார். குமிழி குமிழியா ஆயில் வருது. மூடுறார்.)

"இப்போ விடு. மெதுவா."

இந்த வரிசை மாறக்கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டா காத்து உள்ளே போயிடும். இன்னொண்ணு, பழைய வண்டியில பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கக்கூடாது. மாஸ்டர் சிலிண்டரோட அடிப்பகுதி வருஷக்கணக்கா சீல் போகாத இடம், அங்கே துருவும் அழுக்கும் இருக்கும். சீல் அங்கே போய் உரசினா கிழியும். பெடலுக்கடியில ஒரு கட்டையைப் போட்டு வெச்சுட்டா அந்த பயம் இல்லை. பானெட்டுக்குள்ள இருக்கிற ஆயில் டப்பா ஒரு தடவையும் காலியாகக்கூடாது, நடுநடுவுல பார்த்து ஊத்துங்க. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊத்தாதீங்க. பாதி வருஷமா திறந்து கிடக்கிற பாட்டிலும் வேண்டாம். ஆயில் கருத்திருந்தா நாலு சக்கரத்துலயும் எடுத்துப் புதுசு ஏத்திடுங்க.

பேட் ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் அடிக்கும்போது வண்டி இழுக்கும். டிஸ்க்கோட குறைஞ்சபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்லயே பதிச்சிருக்கும், அளந்து பாருங்க. நீலம் பூத்திருந்தா நல்லா வெந்திருக்குன்னு அர்த்தம், மாத்திடுங்க.

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே. கிளப்புறதுக்கு முன்னாடி பெடலைப் பல தடவை மிதிங்க, பிஸ்டன் பேடைத் தொடணும். பெடல் உயரத்துல கெட்டியா நிக்கணும், அழுத்திப் பிடிச்சா இறங்கிக்கிட்டே போகக்கூடாது. பொதபொதன்னு இருந்தா மறுபடி ஏர் எடுங்க. அதுக்கும் சரியாகலைன்னா மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, அந்த வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. சரியா இருந்தா காலி ரோட்டுல மிதமான வேகத்துல இருந்து பல தடவை மெதுவா வேகம் குறைச்சுப் பேடைப் பழக்குங்க. மறுநாள் காலையில சக்கரத்துக்கடியில ஈரம் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில கொட்டாதீங்க. பாட்டில்ல அடைச்சு, கழிவு ஆயில் எடுக்கிற பட்டறையில கொடுங்க.

வாத்தியார் வண்டியில வேலை முடிஞ்ச கையோட உள்ளங்கைச் சோதனை நடந்துச்சு. ரெண்டு முன்சக்கரமும் ஒரே சூடு. ஆனா இடது காலிப்பரும் அதே வருஷத்துது, அதே உப்புக்காத்து குடிச்சது. அதோட பூட்டும் வெடிக்கத் தொடங்கியிருக்கு. கிட் வாங்கி வெச்சிருக்கார்.

உங்க வண்டிக்கும் பத்து வயசு தாண்டியிருந்தா, அடுத்த தடவை டயர் கழட்டும்போது அந்த ரப்பர் பூட்டை ஒரு டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் நிறத்தையும் பாருங்க. டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தா, மழைக்காலம் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே மாத்திடுங்க.